மலை வளைவில் அமுக்கிய ‘ஆமாம்’

எங்கள் கடை கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் இருக்கிறது. கல்வராயன் மலையில் சாமையும் தினையும் கடுக்காயும் வாங்கி, சுத்தம் செய்து வெளியூர்களுக்கு அனுப்புகிறோம். எங்களுக்கு விற்கும் மலைக் குடும்பங்களின் ஆதார் அட்டை, பாஸ்புக் படங்கள் எல்லாம் கடைக் கணினியில்தான் இருந்தன.

அந்தக் கணினியின் பாதுகாப்பைச் சென்னைக் கம்பெனி ஒன்றிடம் விடலாம் என்று தம்பி சொன்னபோது எனக்குப் பிடிக்கவில்லை.

“நம்ம கடைக்குப் பூட்டு போட சென்னைல இருந்து ஆளு வரணுமா?”

“உனக்குப் போடத் தெரிஞ்சா நீயே போடுக்கா. தெரியுமா?”

தெரியாது. பக்கத்துத் தெரு அரிசி மண்டியின் கணினியை யாரோ முடக்கிவிட்டுப் பணம் கேட்டார்கள் என்று காதில் விழுந்ததும், வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

ஒப்பந்தத்தில் அவர்கள் செய்யும் வேலைகள் வரிசையாக இருந்தன. அதில் ஊழியர்களுக்குப் பயிற்சி என்பதை மட்டும் பேனாவால் அடித்துவிட்டேன். எங்களிடம் இருப்பதே ஆறு பேர். அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வெளியாள் எதற்கு, நான் எதற்கு இருக்கிறேன் என்ற நினைப்பு.

அந்த ஆறு பேரில் ஒருவர் கரியாலூர்க்காரர். மலையில் எங்களுக்காகக் கொள்முதல் செய்பவர். எடை போட்டதைக் கைப்பேசி வழியாக எங்கள் கணினியில் ஏற்றுவார். புது ஏற்பாட்டின்படி, அவர் பெயரில் யார் உள்ளே நுழைந்தாலும் அவருடைய கைப்பேசி “நீங்கள்தானா?” என்று கேட்கும். அவர் ‘ஆமாம்’ என்று அமுக்கினால்தான் கதவு திறக்கும். கம்பெனி இரண்டு பக்கத்துக்கு விளக்கம் அனுப்பியிருந்தது. நான் அதை ஒரே வரியாக்கி அவரிடம் போனில் சொன்னேன்.

“கேட்டா ஆமான்னு அமுக்குங்க. அவ்ளோதான்.”

“எத்தினி வாட்டி கேட்டாலுமாக்கா?”

“எத்தினி வாட்டி கேட்டாலும்.”

கடையில் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். போனை வைத்துவிட்டேன்.

சில மாதங்கள் ஒரு தொந்தரவும் இல்லை. ஒருநாள் முற்பகலில், சென்னையிலிருந்து எங்கள் கணினியைக் கவனிக்கிற பெண் கூப்பிட்டாள். கரியாலூர்க்காரரின் பெயரில் வேறு யாரோ, எங்கிருந்தோ உள்ளே வந்திருக்கிறார்கள். பார்த்த உடனே கதவை அடைத்துவிட்டாள். ஆனால் அதற்குள் ஒரு ஃபோல்டர் போய்விட்டது. எது என்று கேட்டேன். மலைக் குடும்பங்களின் ஆதார், பாஸ்புக் படங்கள்.

கரியாலூர்க்காரருக்குப் போன் போட்டால் போகவில்லை. சாயங்காலம் அவரே கூப்பிட்டார். எடுத்ததும் கத்தினேன்.

“காலைல ஏழு வாட்டி கேட்டுச்சுக்கா. ஏழு வாட்டியும் அமுக்கினேன்.”

“நீங்க ஒரு வாட்டிதானே உள்ள போனீங்க?”

“ஆமாக்கா. ஆனா இங்க எல்லாமே லேட்டாதான வருது? நேத்து கேட்டதெல்லாம் இப்பதான் வந்து விழுதுன்னு நெனச்சிக்கினு அமுக்கிட்டேன்.”

அவர் வீட்டுப் பக்கம் சிக்னல் கிடையாது. மலைப்பாதையில் ஒரு வளைவு வரை வந்தால்தான் கிடைக்கும். அங்கே நின்றால் முந்தின நாள் செய்திகளெல்லாம் சேர்ந்து வந்து விழும். மலையில் இருப்பவருக்கு அவர் நினைத்தது நியாயமான நினைப்புதான். நான்தான் ஒருநாளும் அந்த வளைவில் போய் நின்று பார்க்கவில்லை.

சென்னைப் பெண் அறிக்கை எழுதினாள். ‘காரணம்: ஊழியரின் கவனக்குறைவு’ என்று போடலாமா என்று கேட்டாள். போட்டுவிடு என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

“அவருக்கு யார் சொல்லிக் குடுத்தாங்க மேடம்?” என்றாள். அவளுக்கு அது படிவத்தில் நிரப்ப வேண்டிய இன்னொரு கட்டம்.

“நான்தான்.”

அவள் மேல் எரிச்சலாக வந்தது. அவள் தன் வேலையைத்தான் செய்தாள். அந்த எரிச்சலிலேயே, “மலைக்குப் போய்ச் சொல்றதுக்கும் ஆள் அனுப்புவீங்களா?” என்றேன்.

“அது எங்க வேலைல வராது மேடம். என்ன சொல்லணும்னு வேணா எழுதித் தரேன்.”

எழுதித் தந்தாள். மறுநாள் காலை அந்தத் தாளோடு கரியாலூர் போனேன். எடை போடும் கொட்டகையில் மூட்டைகளோடு பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். எல்லாருமே எங்கள் ஆளுக்குச் சொந்தக்காரர்கள். அவர் கேட்டார் என்றுதான் அட்டையைப் படமெடுக்கக் கொடுத்தவர்கள். நான் வாயைத் திறக்கும் முன்பே அவர் எழுந்துவிட்டார்.

“நான்தான் அமுக்கினேன். எம்மேலதான் தப்பு.”

அவர் சொன்னதோடு முடிந்துவிடட்டும் என்று இருந்தேன். பிறகு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“நான் சொல்லித்தான் அவர் அமுக்கினார்” என்றேன். நடந்ததை முழுவதும் சொன்னேன். யார் போன் செய்து ஓடிபி நம்பர் கேட்டாலும் கொடுக்கக் கூடாது, வங்கியில் போய்ச் சொல்லிவைக்க வேண்டும் என்று தாளைப் பார்த்துப் படித்தேன். நானே கூட வருகிறேன் என்றேன்.

தராசில் சாமை மூட்டையை ஏற்றியிருந்த ஒரு பெண் கேட்டார்: “எங்க போட்டா இப்ப யாருகிட்ட கீது?”

“தெரியலைங்க.”

“அட்டை நம்பர எழுதிக்கினீங்க இல்ல? அப்புறம் இன்னாத்துக்குப் போட்டாவ வெச்சிக்கினு இருந்தீங்க?”

அதை எங்களை யாரும் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

“எதுக்கும் இல்லைங்க. அழிக்கணும்னு தோணல.”

அந்தப் பெண் மூட்டையைத் தராசிலிருந்து இறக்கித் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.