அலுமாரிக்குள் சமையல்

லோயர் மாமாவின் சமையல் புத்தகங்கள் எதிலும் எண்ணெய்க் கறை கிடையாது. மஞ்சள் படிந்த விரலடையாளம் கிடையாது, மாவு ஒட்டிய பக்கம் கிடையாது. கண்டி வாவிக்கு மேலே இருந்த அவருடைய வீட்டு முன்னறையில், கண்ணாடிக் கதவு போட்ட தேக்கு அலுமாரிக்குள், பூச்சி உருண்டை வாசனையோடு அவை வரிசையாக நின்றன. எல்லாம் கோப்பிக்காலத்துப் புத்தகங்கள். இந்த மலைகளில் தேயிலை வருவதற்கு முன்பு, கோப்பித் தோட்டத்துத் துரைமாரின் மனைவிகளுக்காக ஆங்கிலத்தில் அச்சான சமையல் நூல்கள், வீட்டு நிர்வாகக் கைநூல்கள். பழைய புத்தக வியாபாரி யாராவது கறை பட்ட பிரதியைக் கொண்டுவந்தால் மாமா மூக்கைச் சுளித்து, வேண்டாம் என்று கையசைப்பார். ஒரு சமையல் புத்தகத்தில் எந்தப் பக்கம் அழுக்காக இருக்கிறதோ அந்தப் பக்கத்தைத்தான் யாரோ உண்மையில் சமைத்திருக்கிறார்கள். மாமாவுக்கு அது தெரியாது. அவருக்குத் தெரியாதவற்றில் அது மிகச் சிறியது.

அவர் அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கறுப்புக் கோட்டுப் போட்டவர் என்பதால் எல்லோருக்கும் அவர் லோயர் மாமாதான். நாங்கள் நாவலப்பிட்டியிலிருந்து ரயிலில் போய் இறங்கும் ஞாயிற்றுக்கிழமைகளில், முதல் வேலையாகக் கை கழுவ வேண்டும். பிறகு கதிரையில் முதுகு சாயாமல் உட்கார வேண்டும். அவர் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து அலுமாரியைத் திறந்து, ஒரு புத்தகத்தைக் கைக்குழந்தையைப் போல ஏந்திவந்து வாசிப்பார். வான்கோழிக்குள் வைக்கும் பூரணம், ஷெரி மதுவில் ஊறிய கேக், ஆட்டுக்காலிலிருந்து இறக்கும் ஜெலி. வாசித்து முடித்ததும் கண்ணை மூடி, தின்றவரைப் போலப் பெருமூச்சு விடுவார். அவருக்கு வயிற்றுப்புண். வாழ்நாள் முழுக்க அவர் சாப்பிட்டது காரமில்லாத பருப்பும் குழைந்த சோறும்.

"புஸ்தகம் வாசிச்சே வயிறு நெறைஞ்சிடும் ஒங்க மாமாவுக்கு," என்பார் மாமி குசினியிலிருந்து. "ஆனா பன்னெண்டு மணி ஆனதும் சோறு ஆச்சான்னு மட்டும் சரியா கேட்டுருவாரு."

மாமா தெல்தோட்டைப் பக்கம் தோட்டத் தொழிலாளர் லயத்து ஒற்றையறைக் காம்பராவில் பிறந்தவர். அவருடைய முப்பாட்டன் தென்னிந்தியாவிலிருந்து காட்டுவழியாக நடந்துவந்து கோப்பி பறித்தவர். இதை மாமி சொல்லித்தான் எனக்குத் தெரியும், மாமா சொன்னதில்லை. துரைசானி காலை உணவுக்கு என்ன உத்தரவிட்டாள் என்பது அவருக்கு மனப்பாடம். அந்த நேரத்தில் அவருடைய முப்பாட்டன் என்ன சாப்பிட்டுவிட்டு மலையேறினார் என்ற கேள்வி அவருக்கு எழுந்ததே இல்லை. அந்தப் புத்தகங்களில் எங்கள் ஆட்கள் எங்கே வருகிறார்கள் என்று பிற்காலத்தில் நான் தேடிப் பார்த்தேன். 'வேலையாட்கள்' என்ற அத்தியாயத்தில் வருகிறார்கள். பூட்டிவைக்க வேண்டிய பொருட்கள் எவை என்று சொல்லும் பத்திக்குப் பக்கத்தில். அந்த அத்தியாயத்தை மாமா எங்களுக்கு ஒருபோதும் வாசித்துக் காட்டியதில்லை. விரலை நுழைத்து, பக்கங்களைச் சேர்த்துப் பிடித்து, நேராகப் புடிங்குக்குப் போய்விடுவார்.

இத்தனைக்கும் சமையல் புத்தகம் வாசிப்பதில் எனக்கிருக்கும் ஆசை அவருடையதைவிடக் குறைந்ததல்ல. மற்றவர்கள் தூங்கப்போகும் முன் தொடர்கதை வாசிப்பதுபோல நான் செய்முறை வாசிக்கிறேன். முதலில் பொருட்கள், பிறகு அளவு, பிறகு ஒன்றன்பின் ஒன்றாக வேலைகள். அலங்காரம் இல்லாத எழுத்து. ஆனால் கவனித்து வாசித்தால் ஒரு வீடே தெரியும். கேக்குக்குப் பன்னிரண்டு முட்டை என்றால் அந்த ஊர்க்கோழி சின்னக் கோழி. மாவை மூன்று முறை சலிக்கவும் என்றால் மாவில் வண்டு. வெண்ணெயைத் தண்ணீரில் நன்றாகக் கழுவவும் என்றால், அது உப்பிட்டுத் தகரத்தில் அடைத்துக் கப்பலில் வந்து, கண்டியிலிருந்து தோட்டத்துக்கு யாரோ ஒருவர் தலையில் ஏறிப்போன வெண்ணெய். யாருடைய தலை என்பதைப் புத்தகம் சொல்லாது. அதை நாம்தான் வாசிக்க வேண்டும். மாமாவின் அலுமாரியில் வாசிக்க இவ்வளவு இருந்தது. அவரோ புத்தகங்களின் முதுகுத் தோலில் பதித்த தங்க எழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நானும் சேர்த்தேன். பேக்கிங் பவுடர் தகரத்தோடு வரும் சிறு புத்தகம், பிரஷர் குக்கர் கைநூல், பழைய மனையியல் பாடநூல் ஒன்று, ஞாயிறு பத்திரிகைகளிலிருந்து வெட்டிய பக்கங்கள். எல்லாம் ஒரு காட்போட் பெட்டிக்குள் வகை பிரித்து அடுக்கியிருந்தேன். பெருமையோடு ஒரு முறை கொண்டுபோய்க் காட்டினேன். மாமா இரண்டு விரலால் ஒரு தாளைத் தூக்கிப் பார்த்தார்.

"என்னா இது, கடலை சுத்துற பேப்பரா?"

அன்றைக்கு எனக்கு வயது பதின்மூன்று. அழவில்லை. ஒரு மனிதரை எந்த இடத்தில் வைத்து எடைபோடுவது என்று அன்று எனக்குப் பிடிபட்டது, அவ்வளவுதான்.

ஆனால் அவருக்கு நாங்கள் கடன்பட்டவர்கள் என்று அம்மா நினைத்தார். கண்டியில் ஒரு நல்ல பள்ளிக்கூடத்தில் எனக்கு இடம் கிடைத்தது மாமா போய்ப் பேசியதால். அதன் பிறகு பல்கலைக்கழகத்தில் உணவுத் தொழில்நுட்பம் படித்தது என் தலையெழுத்தால் அல்ல, என் உழைப்பால். ஆனாலும் அம்மாவின் கணக்கில் எல்லாம் அந்த ஒரு பேச்சிலிருந்தே தொடங்கியது. படித்து முடித்து, கண்டிக்கு வெளியே ஒரு பிஸ்கட் தொழிற்சாலையின் ஆய்வுகூடத்தில் சேர்ந்தேன். என் கையெழுத்து இல்லாமல் ஒரு மூட்டை மாவும் உள்ளே போகாது, ஒரு பெட்டி பிஸ்கட்டும் வெளியே போகாது. சோதிக்காத எதன் கீழும் என் பெயரை எழுதியதில்லை. என் தொழில் மொத்தமும் அந்த ஒரு வரிதான்.

அந்த நேரத்தில்தான் மாமாவும் புத்தகம் போடப் புறப்பட்டார். கோப்பிக்காலப் பங்களாச் சமையல், தமிழில், அவரே மொழிபெயர்த்தது. நாற்பது செய்முறைகள். ஒவ்வொன்றின் கீழும் 'பரிசோதித்தவர்' என்று என் பெயர், என் பட்டத்தோடு.

"சமைச்சு பார்த்துட்டு சொல்றேன் மாமா," என்றேன்.

"எதுக்கு சமைக்கணும்? அந்தக் காலத்துல துரைமார் தின்னு பார்த்தது போதாதா? நீ பேரை மட்டும் குடு."

"சமைக்காம பேர் குடுக்க முடியாது."

"பிஸ்கட் கம்பனியில வேலை செஞ்சா இப்படித்தான் பேச்சு வரும்," என்று அவர் மாமியைப் பார்த்துச் சொன்னார். நான் அறையிலேயே இல்லாததுபோல.

அம்மா தொலைபேசியில், "பேர்தானே புள்ள கேக்குறாரு, குடுத்துட்டு போ. அவரு இல்லாட்டி நீ கண்டியில படிச்சிருப்பியா?" என்றார். நான் சமைக்கத் தொடங்கினேன். அவர் மிகவும் பெருமைப்பட்ட செய்முறையை முதலில் எடுத்துக்கொண்டேன். 'கோப்பித்துரை புடிங்' என்று அவரே பெயர் வைத்திருந்தார். மூலத்தில் அதற்குப் பெயரே இல்லை. தவிடு, அவித்த கொள்ளு, ஆளிவிதை, வெல்லம், இஞ்சி, உப்பு, ஒரு போத்தல் கறுப்பு பீர். மாமியின் குசினியில் காய்ச்சினேன். பானை கொதித்ததும் மாமி எட்டிப் பார்த்தார்.

"இது துரைக்கா? எங்க தோட்டத்துல மாட்டுக்கு இதைவிட நல்லா காய்ச்சுவோமே."

எனக்கும் அந்த அளவுகளில்தான் உறுத்தல். ஒரு புடிங்குக்கு இவ்வளவு தவிடா? முன்னறைக்குப் போய், மாமா பக்கத்தில் நின்று காவல் காக்க, மூலப் புத்தகத்தைத் திறந்தேன். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துக்கு அடுத்தது நூற்றுப் பதினேழு. நடுவில் இரண்டு தாள்கள் இல்லை. புடிங் பகுதி எங்கோ முடிந்து, வேறொரு பகுதி தலைப்பில்லாமல் தொடங்கியிருந்தது. இந்தக் கைநூல்களில் சமையலுக்குப் பின்னால் சலவை வரும், சலவைக்குப் பின்னால் குதிரை லாயம் வரும்.

"மாமா, இது லாயத்துப் பகுதி. களைச்சு வந்த குதிரைக்கு காய்ச்சுறது. குடிச்ச பிறகு அரை மணி நேரம் நடக்க விடணும்னு போட்டிருக்கு பாருங்க."

"சாப்பிட்ட பிறகு துரைமார் நடக்கத்தான் செய்வாங்க. ஜீரணத்துக்கு."

"அடுத்த பக்கத்தையும் பாருங்க."

அவர் என் கையிலிருந்து புத்தகத்தை எடுத்து மூடினார். முப்பது வருடங்களாகத் தன் சேகரிப்பின் தலைப்பிள்ளை என்று சொல்லிவந்த பிரதியில் பக்கம் குறைகிறது என்பதைத்தான் அவரால் ஏற்க முடியவில்லை என்று நினைக்கிறேன். குதிரைத் தீனி என்பதையாவது ஏற்றிருப்பார். "ஒன் பேர் வேணாம், விடு," என்றார். நான் நம்பினேன்.

வெளியீட்டு விழா நகரத்தில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் நடந்தது. ஓய்வுபெற்ற அதிகாரிகள், ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர்கள், ஓய்வே தொழிலான சிலர். சின்னக் கண்ணாடிக் கிண்ணங்களில் கோப்பித்துரை புடிங். ஹோட்டல்காரர்கள் அதன்மேல் ஒரு முந்திரிப்பருப்பு வைத்திருந்தார்கள். "அந்தக் காலத்து ருசியே தனி," என்றார் ஒருவர். "இதைச் சாப்பிட்டுத்தானே அவங்க இந்த மலையெல்லாம் ஏறினாங்க," என்றார் முன்வரிசையிலிருந்த பழைய அதிபர். தாம் எவ்வளவு சரியாகச் சொல்கிறோம் என்பது அவருக்குத் தெரியவில்லை.

பின்வரிசையில் மாமி என் கையை இழுத்தார். "வாயில வச்சிராத. தவிடு பல்லுல மாட்டிக்குது."

நான் புத்தகத்தை விரித்தேன். நாற்பது செய்முறைகளின் கீழும் என் பெயர் இருந்தது. பட்டத்தில்கூடப் பிழை விடவில்லை. அந்த ஒரு விஷயத்தில் மாமா மிகுந்த கவனம் எடுத்திருந்தார். அதே நேரம் மேடையிலிருந்து அவருடைய குரல் வந்தது. என் மருமகள், விஞ்ஞானி, ஒவ்வொன்றையும் சோதித்துத் தந்தவர், இரண்டு வார்த்தை பேசுவார். நான் மேடை ஏறியதும், மாமா மேசைமேல் பட்டுத்துணியில் கிடத்தியிருந்த மூலப் புத்தகத்தை என் கையில் தந்து, "தூக்கிக் காட்டு," என்று காதோடு சொன்னார்.

தூக்கிக் காட்டினேன். பிறகு திறந்தேன். இந்தத் தமிழ்ப் புத்தகத்தில் நான் சோதித்தது ஒரே ஒரு செய்முறை என்று சபையோரிடம் சொன்னேன். இப்போது உங்கள் கையில் இருப்பது அதுதான், தமிழில் அதன் கடைசி வரிகள் விடுபட்டிருக்கின்றன, மூலத்திலிருந்து வாசிக்கிறேன் என்றேன். அந்தப் பக்கத்திலிருந்து அடுத்த பக்கம்வரை திருப்பி, நிதானமாக, ஆய்வுகூட அறிக்கை வாசிக்கும் குரலில் மொழிபெயர்த்தேன். ஆறிய பின் வாளியில் ஊற்றிக் கொடுக்கவும். அரை மணி நேரம் மெதுவாக நடத்தவும், ஓட விட வேண்டாம். வைக்கோலால் உடம்பு முழுவதும் தேய்த்துவிட்டு, கம்பளி போர்த்தி, குளம்புகளைச் சரிபார்க்கவும்.

மண்டபத்தில் கரண்டிகள் நின்றன. பழைய அதிபர் கிண்ணத்தை மெல்லக் கதிரைக்கு அடியில் வைத்தார். பின்வரிசையில் ஒரே ஒருவர் சிரித்தார். மாமிதான். மாமா என்னிடமிருந்து புத்தகத்தை வாங்கினார். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, சபையையும் பார்க்கவில்லை. நான் திருப்பிய பக்கம் எங்கேயாவது கசங்கியிருக்கிறதா என்றுதான் பார்த்தார்.

அதன் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. எனக்குப் பொறாமை என்று உறவினர்களிடம் சொல்லித் திரிந்தார். அம்மா ஒரு வருடம்வரை பெருமூச்சிலேயே பேசினார். அச்சான பிரதிகளை மாமா திரும்பப் பெறவில்லை, அவை கடைகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் போய்ச் சேர்ந்தன. மாமா இறந்த பிறகு பழங்காலத் தோற்றத்தில் கட்டிய ஒரு ஹோட்டல் அந்த அலுமாரியைப் புத்தகங்களோடு கேட்டு வாங்கிக்கொண்டது. இப்போது அதன் வரவேற்பறையில், பூட்டிய கண்ணாடிக்குப் பின்னால், சுற்றுலாப் பயணிகளின் படங்களுக்குப் பின்னணியாக நிற்கிறது. அவற்றுக்கு ஏற்ற இடம்தான்.

என்னிடம் இருப்பது அவருடைய தமிழ்ப் புத்தகம் மட்டும். அதில் முப்பத்தொன்பது இடங்களில் என் பெயர் பொய் சொல்லிக்கொண்டிருந்தது. அச்சானதை அழிக்க முடியாது. அதனால் விடுமுறை நாட்களில் ஒவ்வொன்றாகச் சமைக்கத் தொடங்கினேன். சென்ற மாதம் கடைசியையும் முடித்தேன். பெரும்பாலானவை உருப்படாதவை. கேக் நடுவில் அமுங்குகிறது, ஜெலி உறைவதில்லை, ஆட்டிறைச்சிக் கறியில் இஞ்சி எவ்வளவு என்று கேட்டால் 'போதுமான அளவு' என்கிறது, மிளகு எவ்வளவு என்றால் 'சமையற்காரனுக்குத் தெரியும்' என்கிறது. அந்தச் சமையற்காரனின் பெயர் எங்கும் இல்லை. கூலிகளுக்கு என்ன சமைப்பது என்று ஒரு வரியும் இல்லை. எடை, நேரம், சூடு எல்லாம் துல்லியமாகக் கொடுத்திருப்பதும், சொன்னபடியே வருவதும் ஒன்றே ஒன்றுதான். அந்தப் பங்களாவில் களைத்து வந்தவர்களுள் குதிரைக்கு மட்டும்தான் ஒருவர் அளந்து காய்ச்சியிருக்கிறார். அந்த ஒரு செய்முறையின் கீழ் என் பெயர் இருப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.