தம்புராவில் இறங்கிய பஞ்சமம்

பாட்டுக் கேட்க, கண்ணாடி வால்வுகள் வைத்த பழைய பாணி ஆம்ப்ளிஃபயர் ஒன்றை மலிவு விலையில் வாங்கினேன். பிடிக்காவிட்டால் பத்து நாளுக்குள் திருப்பித் தரலாம். எங்கள் மயிலாப்பூர் வீட்டில் பாட்டு வகுப்பு எடுக்கும் என் மனைவி, "பழைய பெட்டிக்கும் இதுக்கும் வித்தியாசம் என் காதுக்குத் தெரியணும். இல்லேன்னா திருப்பிடுங்கோ" என்று சொல்லிவிட்டாள். தினமும் காலையில் வால்வுகள் சூடேற இருபது நிமிடம் விட்டு, ஒரே ஒலியளவில் ஒவ்வொரு பதிவாகப் போட்டுக் காட்டினேன். எட்டு நாளும் "நன்னாத்தான் இருக்கு" என்பதோடு சரி. அதையே எட்டு நாளும் டைரியில் எழுதினேன்.

ஒன்பதாம் நாள், கல்யாணமான புதிதில் அவள் பாடிய கச்சேரியின் பதிவைப் போட்டேன். நாங்கள் பலமுறை கேட்டதுதான். கரண்டியும் கையுமாக அடுக்களையிலிருந்து ஓடி வந்தாள்.

"ஏன்னா, தம்புராவுல பஞ்சமம் சுருதியை விட்டு இறங்கின்னா இருக்கு! இத்தனை வருஷமா காதுல விழவே இல்லையே. அன்னிக்குப் பின்னாடி உக்காந்துண்டு மீட்டினது யாரு?"

"நான்தான்."

"சுருதி சேர்த்தது?"

"அதுவும் நான்தான்" என்றேன். சந்தோஷத்தில் சிரித்தும் விட்டேன்.

"பண்றதையும் பண்ணிட்டு சிரிப்பு வேறயா!"

"வித்தியாசம் தெரியறதோல்லியோ?"

"மானம் போற அளவுக்குத் தெரியறது" என்றபடி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஆம்ப்ளிஃபயர் வந்த அட்டைப்பெட்டியை அன்றே பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டேன்.