ரியூனியன் தீவில் அடித்த ஐந்தாவது பெனல்டி

என் மாமாவின் கன்னத்தில் ஒருவர் ஓங்கி அறைந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அந்த மனிதரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் மாமாவின் முன்னால் நிறுத்தியதும் நான்தான். அப்போது எனக்குப் பத்து வயது.

அம்மாவின் தம்பியான இந்த மாமா, கனடாவில், மல்வேர்ன் பகுதியில் எங்கள் வீட்டு பேஸ்மென்றில் இருந்தார். வாரநாட்களில் லொறிக்குப் பெட்டி ஏற்றும் வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் உதைபந்தாட்டம். எங்கள் வீட்டில் அவருக்கு ஒரு பெரிய சரித்திரம் இருந்தது. கொழும்பில் ஒரு கழகத்துக்கு விளையாடியவர். சின்னச் சின்னத் தீவு நாடுகளின் கழகங்களுக்கென்று நடந்த சுற்றுப்போட்டிக்காக, பிரெஞ்சுக்காரரின் கையிலிருக்கும் ரியூனியன் தீவுக்குப் போனவர். மாலைதீவுக் கழகத்தை விழுத்தி, சீசெல்ஸ் கழகத்தை விழுத்தி, இறுதி ஆட்டம் சமநிலையில் முடிய, ஐந்தாவது பெனல்டியை அடித்துக் கிண்ணத்தை வென்று கொடுத்தவர். சில நாள் அந்தப் பந்து வலது மூலையால் போகும், சில நாள் இடது மூலையால். நாங்கள் அதையெல்லாம் பெரிதுபடுத்துவதில்லை. ரியூனியனுக்குப் போனவர் எப்படிக் கனடாவில் வந்து இறங்கினார் என்று நான் கேட்டதுமில்லை. கிண்ணம் வென்றவர்களைக் கனடாவுக்கு அனுப்புவார்கள் என்று நானாகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தேன்.

ஒரேயொரு விஷயம்தான் எனக்குப் பிடிபடவில்லை. இங்கே மாமா பெனல்டி அடிக்கவே மாட்டார். முழங்கால் சரியில்லை என்பார். அதே முழங்காலோடு மைதானம் முழுக்க ஓடுவார்.

அந்தக் கோடையில் ஸ்காபரோவில் இருக்கும் தீவுக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு சுற்றுப்போட்டி வைத்தார்கள். டிரினிடாட்காரர் ஒரு கழகம், பார்படோஸ்காரர் ஒரு கழகம், மொரிசியஸ்காரர் ஒரு கழகம், நாங்கள் ஒன்று. அம்மா மைதானத்தின் ஓரத்தில் மேசை போட்டு மட்டன் ரோல்ஸ் விற்றார். நான் அதற்குப் பேப்பர் சுற்றிக் கொடுக்கும் அதிகாரி.

நெடுத்த ஒருவர் வந்து ஒரு ரோல்ஸ் வாங்கினார். நாட்டுக்கு வந்து மூன்று மாதமென்றும், பக்கத்து நகரமான அஜக்ஸில் அக்கா வீட்டில் இருப்பதாகவும் அம்மாவிடம் சொன்னார். பிறகு மைதானத்தையே பார்த்துக்கொண்டு நின்றவர், உந்த ஏழாம் நம்பர் ஆர் என்று என்னைக் கேட்டார். அது மாமாவின் நம்பர். எனக்கு இது போதாதா? மாலைதீவில் தொடங்கி ஐந்தாவது பெனல்டி வரைக்கும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அன்றைக்கு வலது மூலையைத் தெரிந்தெடுத்தேன். அவர் கையிலிருந்த ரோல்ஸைக் கடிக்கவேயில்லை.

"வெண்டது எண்டோ சொன்னவன்?"

"ஓம் அங்கிள். வாங்கோ, காட்டுறன்."

இடைவேளை விட்டிருந்தது. மாமா கோல் கம்பத்தடியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் போத்தலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்று, "கப்டன் அண்ணை" என்றார். அதற்குள் அடி விழுந்துவிட்டது.

எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்குக்கூட யாரும் அடிப்பதில்லை. ஓஃப் சைட் கொடுத்த நடுவரோடு அரை மணித்தியாலம் வாய் காட்டும் மாமா, இரண்டு கையையும் தொங்கப்போட்டபடி நின்றார். பாய்ந்து வந்த எங்கள் ஆட்களையும் வேண்டாம் என்று தலையாட்டித் தடுத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அண்டைக்கு என்ன ஸ்கோர் அண்ணை?"

அறையைவிட இந்தக் கேள்வி எனக்குப் பெரிய அடியாக இருந்தது. அந்த ஸ்கோர் எனக்கே தெரியும்.

"ரெண்டுக்கு ரெண்டு," என்றார் அவர். "நீ இடைவேளையிலை ரொய்லெற்றுக்கு எண்டு போனாய். மாத்த ஆளில்லாமல் பத்துப் பேரோடை நிண்டு பிடிச்சம். பெனல்டியிலை தோத்தம். அஞ்சாவது நீ அடிக்க இருந்தது."

அதன் பிறகு அவருடைய குரல் இறங்கிவிட்டது. ஒருவன் காணாமல் போனதால் எல்லோரையும் பொலிஸ் இரண்டு நாள் மறித்து வைத்து விசாரித்ததாம். அதோடு அந்தக் கழகத்துக்கு யாரும் விசா கொடுக்கவில்லையாம். அடுத்த வருடம் போவதற்காகத் தன் தம்பியும் அணியில் இடம் பிடித்து வைத்திருந்தானாம்.

"அவனும் உன்னைப் போலத்தான் அங்கையிருந்து தப்பிப் போக யோசிச்சு வைச்சிருந்தவன்."

"கேள்விப்பட்டனான் அண்ணை," என்ற மாமா, புல்லில் குந்தி முகத்தைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினார்.

எப்போதோ தோற்றுப்போன ஒரு மட்சுக்கு வளர்ந்த மனிதர்கள் இப்படி அடித்து அழுவார்களா என்று எனக்குத் திகைப்பாக இருந்தது. மாமா பொய் சொன்னார் என்ற ஆத்திரம் ஒரு பக்கம். கூட்டிக்கொண்டு வந்தவள் நான்தானே என்ற பயம் மறுபக்கம். எப்படியாவது சமாதானம் பண்ணவேண்டும் என்று மேசைக்கு ஓடி, நான்கு ரோல்ஸைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு வந்து கப்டனிடம் நீட்டினேன்.

"ரெண்டு உங்களுக்கு அங்கிள். ரெண்டு உங்கட தம்பிக்கு."

மாமா சட்டென்று தலையை நிமிர்த்தினார். கப்டன் குனிந்து, இரண்டு கையாலும் அந்தப் பார்சலை வாங்கிக்கொண்டு, தாங்ஸ் பிள்ளை என்றார்.

விசா கிடைக்காமல் ஊருக்குத் திரும்பிப் போன அந்தத் தம்பி, கடைசி யுத்தத்தில் ஷெல் பட்டு இறந்துபோனான் என்று அம்மா என்னிடம் சொன்னது பல வருடங்களுக்குப் பிறகுதான். அன்று காரில் வீட்டுக்குப் போகும்போது, அந்தத் தம்பிக்கு ரோல்ஸில் உறைப்புக் கூடிப் போயிருக்குமோ என்பதுதான் எனக்கிருந்த ஒரே கவலை.