எட்டு வரும் வரை உருட்டியவன்

பாடாங் மேஹா ஊர்ச் சிவநேசன் கணினி விளையாட்டில் புலி. புலி இன்னும் குகையை விட்டு வெளியே வரவில்லை, அவ்வளவுதான்.

வீரன் ஒருவனை உருவாக்கி, காடு மலையெல்லாம் அனுப்பிச் சண்டை போட வைக்கும் விளையாட்டு அது. தொடங்கும்போது கணினி பகடை உருட்டி வீரனுக்கு வலிமை, அறிவு, வசீகரம் என்று மதிப்பெண் போடும். பிடிக்காவிட்டால் ‘மீண்டும் உருட்டு’ என்றொரு பொத்தான். அதை வைத்த மகராசன் சிவநேசனைப் பார்த்ததில்லை. கூலிம் தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்த்துவிட்டு வருவான், குளிப்பான், ராகு காலம் இல்லையே என்று நாள்காட்டியைப் பார்த்துவிட்டு உருட்டுவான். வலிமை உச்சமான பதினெட்டு வந்தால் அறிவு எட்டாக இருக்கும். சீ, போ! மறுபடி உருட்டு. மாதக்கணக்கில் இதே திருப்பணி. வீரன் காட்டில் கால்வைத்த பாடில்லை.

இப்படிப்பட்டவனுக்குப் பாலிங்கில் பெண் பார்த்தார்கள். வாசுகி, மருந்துக்கடையில் வேலை. கைப்பேசியில் பேசத் தொடங்கியதும் தெரிந்தது, அவளும் அதே விளையாட்டுக்காரி. நம் ஐயா காதலில் விழுந்துவிட்டார். சோறு இறங்கவில்லை. கட்டினால் இவளைத்தான் என்று மனசு அடித்துக்கொண்டது.

“உங்க வீரனுக்கு வலிமை எத்தன?” என்று கேட்டான்.

“ஏழு.”

“ஏழா! அத வச்சிக்கிட்டு என்னா பண்றது? மறுபடி உருட்டலயா?”

“எதுக்கு? கதவ ஒடைக்க முடியல, ஜன்னல் வழியா ஏறிப் போனேன். ஜாலியா இருந்துச்சிலா. என்னக் கேட்டா அந்தப் பட்டனே இருக்கக் கூடாது. ஒரே தடவ உருட்டணும், வந்தத வச்சி ஆடணும்.”

“உருட்டவே வேணாமே? எல்லாருக்கும் ஒரே பாயிண்டு குடுத்துட்டா நம்மளே பிரிச்சிக்கலாம்.”

“அப்புறம் எல்லாரும் ஒரே பயில்வானத்தான் செய்வாங்க. போரிங்லா.”

அபாரம் என்றான் சிவநேசன். காதில் போட்டுக்கொண்டானா? அதுதான் இல்லை.

சாதகப் பொருத்தம் பார்த்ததில் பத்துக்கு ஆறு. “ஆறு தாராளம்” என்றார் சோதிடர். இரண்டு வீட்டிலும் திருப்தி. சிவநேசனுக்கு மட்டும் உறுத்தியது. பெண்ணில் குறையில்லை, எண்ணில்தான் குறையாம்! யாரிடமும் சொல்லாமல் சுங்கைப்பட்டாணியில் மடிக்கணினிச் சோதிடர் ஒருவரிடம் போனான். ஐந்து. மண்டை காய்ந்து யான் என்ற ஊருக்கு ஓடினான். அங்கிருந்த புண்ணியவான் எட்டு போட்டார்.

மறுநாள் வேலை முடிந்ததும் தொழிற்சாலை வாசலில் நின்றே அவளைக் கூப்பிட்டான்.

“வாசுகி! எட்டு வந்துருச்சி! மொத ஆளு ஆறு, அடுத்த ஆளு அஞ்சு, இவரு எட்டு!”

யாரும் கேட்காமலே மூன்றையும் வரிசையாக ஒப்பித்தான். கெட்டிக்காரன்!

வாசுகி கேட்டாள்: “ஆறு வந்தப்பவே நான் சரின்னு சொல்லிட்டேன். நீங்க இன்னும் பாத்துக்கிட்டா இருந்தீங்க?”

“நம்ம நல்லதுக்குத்தான்லா...”

“மூணாவது ஆளு நாலு போட்டிருந்தா? கட்டிக்கிட்டப்புறம் எனக்கு ஒரு கொற தெரிஞ்சா யாருகிட்ட போய்க் கேப்பீங்க? இந்தக் கல்யாணம் வேணாங்க. வீட்டுல நானே சொல்லிடறேன்.”

யாரிடமும் கேட்க மாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தான். பொய் சொல்ல வரவில்லை. வேலை முடிந்து வந்தவர்கள் பார்க்கப் பார்க்க, வாசலிலேயே நின்று அழுதான்.