அமிர்தசாமியின் பதினாலு இஞ்ச் ரெஞ்சு

காட்டூரில் அமிர்தசாமி வீட்டுக்குக் கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போகிறவர்கள் வேறு வேலை இல்லாத நாளாகப் பார்த்துத்தான் போவார்கள். மாப்பிள்ளை என்ன படித்திருக்கிறான், எங்கே வேலை என்றெல்லாம் அவர் விசாரிக்கமாட்டார். பத்திரிகையைப் பிரிக்காமலே, "பையன்கிட்ட பைப் ரெஞ்சு இருக்கா?" என்பார்.

இல்லையென்று சொன்னால் போச்சு. குடும்பம் என்றால் என்ன என்று ஆரம்பித்துவிடுவார். தடிக் குழாயைப் பிடித்துத் திருக ஒரு பைப் ரெஞ்சு, சின்ன நட்டுகளுக்கு ஒரு ஸ்க்ரூ ஸ்பேனர், அறுக்க ஒரு ஹேக்ஸா, மரையில் சுற்ற வெள்ளை டேப்பு, டேப்பு கைவிட்டால் சணல். இதெல்லாம் வாங்கி வைத்துவிட்டு அப்புறம் கட்டில் பீரோ வாங்கட்டும். பீரோ என்றைக்காவது ஒழுகுமா? மணிக்கணக்காகப் பிரசங்கம் வைப்பதில் பேர்போன பங்குச் சாமியாரே ஒருமுறை இதைப் பாதியில் விட்டு எழுந்து போயிருக்கிறார்.

இவ்வளவு பேசுகிற மனிதர் இதுவரை எத்தனை குழாயைச் சரிசெய்திருப்பார் என்று கேட்டால், ஒன்றுகூட இல்லை. கல்லூரி ஆபீஸில் ஃபைல் அடுக்கியே ரிட்டயர் ஆனவர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் பழைய பேப்பரை விரித்து, சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து எண்ணெய் போட்டுத் துடைப்பார். பதினாலு இஞ்ச் ரெஞ்சுக்கு மட்டும் தனித் துணி. மகள் பெலிண்டா பள்ளிக்கூடம் போகிற காலத்தில் அவளுக்குத் தலைகூட இவ்வளவு பதமாகத் துவட்டியதில்லை. துடைத்து முடித்ததும் பேப்பரில் சுற்றிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார். அடுத்த ஞாயிறு வரை அவை அங்கே ஓய்வெடுக்கும்.

அவர் ஒன்றையும் சரிசெய்யாததற்கு ஒரு காரணம் இருந்தது. அவரிடம் இருந்தவை எல்லாம் பாதிச் சாமான்கள்.

அப்பா பிச்சமுத்து தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். அவர் போன பிறகு வீட்டைப் பெரியவர் அமிர்தசாமிக்கும் சின்னவர் ஸ்டீபன்ராஜுக்கும் பிரிக்கவேண்டி வந்தது. பஞ்சாயத்துக்கு வந்தவர் தெரு அன்பியத்தின் தலைவர் பெஞ்சமின். வாராவாரம் வீடு மாற்றி வீடு கூடி ஜெபமாலை சொல்கிற கூட்டத்துக்குத் தலைவர் என்பதால் அவருக்கு எல்லார் வீட்டுச் சங்கதியும் தெரியும். அதைவிட, அவர் ரிட்டயர் ஆன கணக்கு வாத்தியார். வீட்டுக்கு நடுவே கோடு போட்டு மதில் எழுப்பச் சொன்னார். பிறகு கோணியை விரித்து அப்பாவின் பெட்டியைக் கவிழ்த்து, உனக்கு ஒன்று, அவனுக்கு ஒன்று என்று எண்ணிப் பிரித்தார். எண்ணிக்கையில் ஒரு குறை சொல்ல முடியாது. சுத்தியல் அண்ணனுக்கு, உளி தம்பிக்கு. ஹேக்ஸா சட்டம் அண்ணனுக்கு, அதில் மாட்டுகிற பிளேடு தம்பிக்கு. பூசுகிற கரண்டி இங்கே, தேய்க்கிற மணியாசு கட்டை அங்கே. பைப் ரெஞ்சு இரண்டில் பதினாலு இஞ்ச் பெரியவருக்கு, பதினெட்டு இஞ்ச் சின்னவருக்கு.

கடைசியில் வைஸ் ஒன்று மிஞ்சியது. இரும்பைக் கவ்விப் பிடிக்கிற அந்தப் பெரிய சாமானைப் பாதியாக அறுக்க முடியாது. அறுக்கலாம் என்றாலும் சட்டம் இங்கே, பிளேடு அங்கே. எனக்குத்தான் என்று இரண்டு பேரும் பிடித்த பிடியில் பெஞ்சமின் வாத்தியார் வெகுநேரம் யோசித்து, அதை மதில்மேல் வைத்து போல்ட்டு போட்டு முறுக்கச் சொன்னார். வாய் அண்ணன் பக்கம், கைப்பிடி தம்பி பக்கம். அன்றைக்கு நின்ற பேச்சுதான். பத்துப் பன்னிரண்டு வருஷமாக அந்த வைஸில் காக்கா மட்டும் உட்கார்ந்து போகிறது.

பெண்களுக்குள் இந்தச் சட்டம் கிடையாது. அமிர்தசாமியின் மனைவி லூர்துராணியும் ஸ்டீபன்ராஜின் மனைவி லிசியும் வாசல் வழியாகக் குழம்புக் கிண்ணம் மாற்றிக்கொள்வார்கள். பெலிண்டா சித்தப்பா வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்து அப்பா வீட்டில் ஏப்பம் விடுவாள். அமிர்தசாமி எல்லாவற்றையும் பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பார்.

பெஞ்சமின் வாத்தியார் பிரிக்க மறந்தது ஒன்று இருந்தது. தண்ணீர். தெருவிலிருந்து வருகிற இரும்புக் குழாய் தம்பி வீட்டுக்குள் நுழைந்து, மதிலைத் துளைத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போயிற்று. இரண்டு துண்டுகளும் சேருகிற யூனியன் சரியாக மதிலுக்குள்ளே மாட்டிக்கொண்டது. அது துருப்பிடித்துக் கசிய ஆரம்பித்ததும் அண்ணன் வீட்டில் குழாய் நூல்போல ஒழுகியது. தம்பி வீட்டில் அடுப்படிச் சுவர் ஊறிப்போய் லிசியின் காலண்டர் ஆணி நிற்கவில்லை. அமிர்தசாமி தண்ணீர் வேகம் போதவில்லை என்று மாநகராட்சிக்கு மனுமேல் மனு எழுதினார். ஆட்கள் வந்து தெருக் குழாயைத் திறந்து பார்த்தார்கள். அடித்த அடியில் ஒருவர் சட்டை நனைந்தது. அப்படியும் அவர் நம்பவில்லை.

இப்படியே காலம் போயிருக்கும். லூர்துராணியின் முழங்கால்தான் விடவில்லை.

இரண்டு மூட்டுக்கும் ஆபரேஷன் ஆயிற்று. குத்தவைத்து உட்காரக்கூடாது, வாளி தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் கூடத்து ஓரத்தில் புதிதாக வெஸ்டர்ன் கக்கூஸ் கட்டினார்கள். அமிர்தசாமி அதன் பித்தானை ஆசையாக அமுக்கினார். பூனை தும்மியது மாதிரி ஒரு சத்தம் வந்தது. தொட்டி மறுபடி நிறைய அரைநாள் ஆயிற்று.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே லூர்துராணி கேட்டாள். "தண்ணி ஏறுதாங்க?"

ஏறும் என்றார் அவர்.

"ஏறுச்சுன்னா சனிக்கிழமை நம்ம வீட்டுக்கு வரேன். ஏறலைன்னா உப்பிலியபுரத்துக்கு அக்கா வீட்டுக்குப் போறேன். அங்க மோட்டார் இருக்கு. எப்ப வருவேன்னு கேக்காதீங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவர் சமாளித்திருப்பார். மெதுவாகச் சொன்னாள். அன்றைக்கு பஸ்ஸில் அவர் தன் ஸ்டாப்பைத் தாண்டிப் போய் இறங்கி, திரும்பி நடந்து வந்தார். கல்யாணம் ஆனதிலிருந்து அவள் இல்லாத வீட்டுக்கு அவர் சாவி போட்டுத் திறந்து பழக்கமில்லை. எந்தச் சாவி என்று கதவடியில் நின்று தேடினார்.

மறுநாள் பூவரசன் என்கிற பிளம்பரைக் கூட்டிவந்தார். முதலில் அவன் பையைத் திறக்கச் சொல்லி, ரெஞ்சுப் பல்லில் விரலை வைத்துப் பார்த்து, எண்ணெய் காணாத சாமான் என்று தலையை ஆட்டினார். பூவரசன் பொறுத்துக்கொண்டான். மதிலைத் தட்டிப் பார்த்துவிட்டு, யூனியனைக் கழற்ற ஒருத்தர் இந்தப் பக்கம் பிடிக்கவேண்டும், ஒருத்தர் அந்தப் பக்கம் நட்டைத் திருகவேண்டும், அந்த வீட்டில் சொல்லிவையுங்கள் என்றான். சொல்லமுடியாது என்றார் இவர். அப்படியானால் ஆண்டவர்தான் வந்து திருகவேண்டும் என்று சொல்லி அவன் பையை மூடினான்.

பெலிண்டா சித்தப்பாவிடம் போனாள். "அவரு வந்து கேக்கட்டும்" என்றார் ஸ்டீபன்ராஜ். அப்பாவிடம் வந்தாள். "பெரியவன் நான் போய்க் கேக்கணுமா?" என்றார் இவர். இரண்டு வாசலுக்கும் நடந்து செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம். அப்புறம்தான் அவளுக்கு வேறு யோசனை வந்தது.

"அப்பா, உங்க ரெஞ்சு பதினாலு இஞ்ச்தானே, அது இட்லிக் குண்டான் மூடி திறக்கத்தான் ஆகும்ங்கறாரு சித்தப்பா."

அமிர்தசாமி முகம் சிவந்தது. அவள் நேரே அடுத்த வாசலுக்குப் போனாள்.

"சித்தப்பா, உங்க பதினெட்டு இஞ்ச் எண்ணெயே பாக்காம துருப்பிடிச்சு, இப்ப துணி காயப்போடத்தான் லாயக்காம். அப்பா சொன்னாரு."

இரண்டு பேரும் அப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மனதுக்குள் நினைத்ததுண்டு, அதனால்தான் சட்டென்று நம்பினார்கள். வெள்ளிக்கிழமை விடிந்ததும் மதிலின் இரண்டு பக்கமும் இடி கேட்டது. அண்ணன் உளியில்லாமல் வெறும் சுத்தியலால் அடித்தார். தம்பி சுத்தியல் இல்லாமல் உளியின் தலையில் அம்மிக் குழவியால் அடித்தார். ஒருவழியாகச் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஓட்டை விழுந்து, நடுவில் யூனியன் தெரிந்தது. ஓட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு கண்ணும் பாதி மீசையும் தெரிந்தன. மீசை நரைத்திருந்ததை அமிர்தசாமி அப்போதுதான் பார்த்தார். பார்க்காத மாதிரி ரெஞ்சை எடுத்தார்.

"பெலிண்டா, அங்க பிடிக்கச் சொல்லு. நான் திருகுறேன்."

ஒரு முழம் தள்ளி இருக்கிற தம்பிக்கு அது நன்றாகவே கேட்டது. ஆனாலும் அவர் ஓட்டைப் பக்கம் திரும்பாமல் பெலிண்டா வந்து சொல்லட்டும் என்று காத்திருந்தார். அவள் வாசல் வழியாகச் சுற்றி ஓடி அதையே திருப்பிச் சொன்னாள்.

"நட்டு என் பக்கம் இருக்கு. அவரு பிடிக்கட்டும், நான் திருகுறேன்னு சொல்லு."

அதுவும் இவருக்குக் கேட்டது. இவரும் காத்திருந்தார். பெலிண்டாவுக்கு மூச்சு வாங்கியது. பிடிக்கிறவன் கையாள், திருகுகிறவன் மேஸ்திரி. யார் கையாள் என்பதுதான் வழக்கு. லிசி நடுவில் டீ கொடுத்தாள், இரண்டு பேரும் குடித்தார்கள், வழக்கு நடந்தது. இதற்குள் மாநகராட்சி தண்ணீர் விடுகிற நேரம் நெருங்கியது. தெருவில் இருக்கிற கேட் வால்வை மூடவேண்டும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஆனால் வால்வை மூடுவது கையாள் வேலை அல்லவா? தம்பி மூடியிருப்பான் என்று அண்ணனும், அண்ணன் மூடியிருப்பார் என்று தம்பியும் இருந்தார்கள்.

கடைசியில் இரண்டு பேருமே பொறுமை இழந்து, எதிராளி பிடித்துக்கொள்வான் என்று நினைத்து, ஒரே நேரத்தில் முழு பலத்தோடு திருகினார்கள்.

இரண்டு பேர் எதிரெதிரே திருகினால் மரை இரண்டு மடங்கு வேகத்தில் கழலும் என்பது பெஞ்சமின் வாத்தியாருக்குத் தெரிந்த கணக்கு. யூனியன் கிரீச்சென்று கத்தியது, கழன்றது, சரியாக அந்த நேரத்தில் தண்ணீர் வந்தது. வருஷக்கணக்காக அடைத்துக்கொண்டிருந்த துருக்கட்டி ஒன்று உண்டிவில்லில் விட்ட புளியங்கொட்டை வேகத்தில் பறந்து வந்து அமிர்தசாமியின் நெஞ்சில் பட்டது. பின்னாலேயே தண்ணீர் முகத்தில் அறைந்தது. கூடம், கக்கூஸ், பேப்பரில் சுற்றிய சாமான்கள் எல்லாம் நனைந்தன.

பெலிண்டா வால்வை மூடத் தெருவுக்கு ஓடினாள். அமிர்தசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். குழாய்கள் இரண்டும் விலகி ஆடின. இன்னும் கொஞ்சம் விலகினால் மதிலையே பெயர்க்கும். சொல்லியனுப்பப் பெலிண்டா இல்லை. சனிக்கிழமை நாளைக்கு.

"டேய் ஸ்டீபா, விட்டுடாதடா."

"விடலண்ணே. நீ பிடிக்கிறியா, திருகுறியா, சொல்லித்தொலை."

அமிர்தசாமி ரெஞ்சைக் குழாயில் கவ்வவைத்தார். தண்ணீர் வாய்க்குள் அடித்தது. துப்பிவிட்டுச் சொன்னார்.

"நீ திருகுடா. நான் பிடிச்சுக்கறேன்."

பெலிண்டா திரும்பி வந்தபோது தண்ணீர் நின்றிருந்தது. அமிர்தசாமி இரண்டு கையாலும் ரெஞ்சை இறுக்கிப் பிடித்திருந்தார்; பதினாலு இஞ்ச் ரெஞ்சு அவர் கைக்கு வந்த பிறகு வேலை பார்த்தது அன்றைக்குத்தான். அந்தப் பக்கத்துப் பதினெட்டு இஞ்ச் புது வாஷர் வைத்து நட்டை ஏற்றியது. இறுக்கி முடிந்ததும் இரண்டு பேரும் பழையபடி முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"சித்தப்பாகிட்ட பேசினீங்களாமே?" என்று கேட்டாள் பெலிண்டா.

"யாரு சொன்னா? நான் பைப்புகிட்ட பேசினேன்."

சனிக்கிழமை லூர்துராணி வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தாள். ஓட்டையைப் பார்த்தாள், வைஸைப் பார்த்தாள். ஓட்டையை ஏன் பூசவில்லை என்று அவர் தானாகவே விளக்கினார்: கரண்டி இங்கே இருக்கிறது, மணியாசு அங்கே இருக்கிறது, அவர் என்ன செய்வார்? அவள் கக்கூஸுக்குள் போனாள். பெலிண்டா மாத்திரை வாங்க மெடிக்கலுக்குப் போயிருந்தாள். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து தண்ணீர் கொட்டுகிற சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. தொட்டி உடனே மறுபடி நிறைய ஆரம்பித்தது.

மதிலுக்கு அந்தப் பக்கம் தொண்டையைச் செருமுகிற சத்தம்.

"பெலிண்டா, அம்மாவுக்குத் தண்ணி வருதான்னு கேளும்மா."

அமிர்தசாமி வாசலைப் பார்த்தார். பெலிண்டா வருகிற மாதிரி தெரியவில்லை. ஓட்டைக்கு அந்தப் பக்கம் ஒருவரும் நகரவில்லை. அவர் எழுந்து போய், கைலியை மடித்துக் கட்டி, மறுபடி அவிழ்த்துவிட்டு, ஓட்டைக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"வருதுடா."

"சரிண்ணே."

கக்கூஸுக்குள்ளிருந்து லூர்துராணி கேட்டாள். "யாருகிட்டங்க பேசுறீங்க?"

"பைப்புகிட்ட."

"பைப்பு உங்கள அண்ணேன்னு கூப்பிடுது. போய் அதுக்கு ஒரு வாய் காபி ஊத்திக் குடுங்க."