யாரும் லைக் போடாத பக்கம்

ராயபுரத்தில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. கூடவே அக்கம்பக்கத்துக் கடைகளின் இன்ஸ்டாகிராம் பக்கங்களையும் நடத்துகிறேன். பிரியாணிக்கடை, தையல்கடை, ஜிம் என்று ஏழு பேர் என்னிடம். மாசக் கடைசியில் எத்தனை லைக் விழுந்தது என்று ஒரு தாளில் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொடுப்பேன். பிரியாணிக்கடை பாய் அதை ஃபிரேம் போட்டே மாட்டியிருக்கிறார். அதனால் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. இல்லையென்று சொல்லமாட்டேன்.

மாசி மாசம் ஒருநாள் நீலமேகம் அண்ணன் வந்து நின்றார். தண்டையார்பேட்டைக்காரர். ஐம்பத்தைந்து வயசிருக்கும், சலவை செய்த வெள்ளைச் சட்டை.

"எனக்கும் ஒண்ணு போட்டுக் குடு தங்கச்சி. ஐஸ் பொட்டி வுடறேன்."

இறந்தவரைக் கிடத்தும் கண்ணாடி ஃப்ரீசர் பெட்டியைத்தான் எங்கள் பக்கம் அப்படிச் சொல்வோம். அவரிடம் இரண்டு பெட்டிகள் இருந்தன. இப்போதெல்லாம் இந்தத் தொழிலில் பெரிய ஆட்கள் ஆஸ்பத்திரி வாசலிலேயே இறந்தவரின் சொந்தக்காரர்களை மடக்கிவிடுகிறார்கள், இவரைக் கூப்பிட ஆள் இல்லை. மச்சான் தண்டபாணி பெட்டிகளை வாங்க ஓர் ஆளைப் பிடித்து வைத்திருந்தார். எண்ணூரில் கண்டெய்னர் யார்டில் வாட்ச்மேன் வேலையும் பேசியாகிவிட்டது.

"சித்திரை கடைசி சனிக்கியம வண்டி வரும். அதுக்குள்ள நாலு பேரு நம்மளத் தேடிக் கூப்ட்டா பொட்டி நம்மகிட்ட கீது. இல்லன்னா குடுத்துட்டு வாட்ச்மேனாப் பூடுவேன்."

"குடுத்துட வேண்டியதுதானேண்ணே? இதுல இன்னா கீது?" என்று வாய்க்கு வந்ததைக் கேட்டுவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. பெண்டாட்டி சொக்கம்மாள் போனது கத்திரி வெயிலில். வாடகைப் பெட்டி கொண்டுவந்தவன் பிளக்கைச் சொருகிவிட்டுப் போய்விட்டான். பெட்டி நின்றுபோனது. போன் அடித்தால் எடுக்கவில்லை. பையன் பம்பாயிலிருந்து ரயிலில் வந்து சேர்வதற்குள் முகத்தை மூட வேண்டியதாகிவிட்டது.

"புள்ள அம்மா மொகத்தப் பாக்கல தங்கச்சி" என்றார்.

அதற்கப்புறம்தான் அவரே பெட்டி வாங்கியிருக்கிறார். எந்த வீட்டில் பெட்டியை வைத்தாலும், எடுக்கும்வரை தெருவில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அந்த வீட்டில் தண்ணீர்கூடக் கேட்கமாட்டார். இந்த மனிதருக்காக ராயபுரத்தையே லைக் போட வைக்கிறேனா இல்லையா பார் என்று எனக்குள் ஒரு வேகம் வந்துவிட்டது.

அந்த வேகத்தில்தான் குட்டிச்சுவர் ஆக்கினேன். முதல் வீடியோவில் பெட்டியைச் சுற்றிச் சாமந்தி வைத்து, மெல்லிசாக ஒரு புல்லாங்குழல் சேர்த்து, பிரியாணிக்கடைக்குப் போடுகிற பழக்கத்தில் கடைசியில் எழுதிவிட்டேன்: "லைக் பண்ணுங்க, ஷேர் பண்ணுங்க, உங்க அன்பானவங்கள டேக் பண்ணுங்க." எவனோ ஒரு புண்ணியவான் தன் மாமியாரை டேக் பண்ணிவிட்டான். அந்தக் குடும்பம் மூன்று நாள் அடித்துக்கொண்டது. மாமியார் என் கடைக்கே வந்து மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனார்.

"வுடு தங்கச்சி, வீடியோல நானே பேசறேன்" என்றார் அண்ணன். சாவு வீட்டையோ, அழுகிறவர்களையோ காட்டக்கூடாது என்பது அவர் போட்ட ஒரே கண்டிஷன். பெட்டியின் கண்ணாடியைத் துடைத்தபடியே ஒரு நிமிஷம் பேசினார். நான் அப்படியே பிடித்து, கீழே அவர் போன் நம்பரையும் சேர்த்துப் போட்டேன்.

"வூட்ல ஒருத்தர் தவறிட்டா பயப்படாத. மொதல்ல டாக்டரக் கூப்ட்டு சீட்டு வாங்கு. சுடுகாடோ கல்லறையோ, அத்தத்தான் மொதல்ல கேப்பாங்க. ஃபேன ஃபுல்லா வையி. கை கால நேரா நீட்டி வுடு. தாவாக்கட்டைய ஒரு துணியால மெதுவா கட்டு, மெதுவா. அழுவுறவங்கள அழ வுடு. ஒருத்தர் மட்டும் போன எடு."

எனக்கே கண் கலங்கியது. ஆனால் லைக்? ஒன்பது. அதில் ஒன்று என்னுடையது, ஒன்று அவருடையது.

தினமும் சாயந்திரம் வந்து, "இன்னிக்கி எத்தினி?" என்று கேட்பார். சொல்ல எனக்கு நாக்கு கூசும். நடுவில் இரண்டு பேர் பெட்டிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். "நம்ம வீடியோவப் பாத்துட்டுதான் கூப்ட்டாங்களான்னு கேட்டீங்களாண்ணே?" என்றேன். "சாவு வூட்ல பூந்து அத்தக் கேக்கச் சொல்றியா?" என்றார். அதுவும் நியாயம்தான்.

வீட்டில் அம்மா ஃப்ளோரன்ஸ் வேறு என்னைக் கரித்துக்கொட்டினாள். அப்பா அலெக்ஸாண்டர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர், பக்கவாதம் வந்து நாலு வருஷமாகப் படுக்கையில் இருந்தார். "வூட்ல ஒரு மனுசன் படுத்துகினு கீறாரு. நீ பொட்டிக்கு வெளம்பரம் பண்ணிகினு கீற. கருமம்!" என்று சிலுவை போட்டுக்கொள்வாள். என் போனில் அண்ணன் குரல் கேட்டாலே அடுப்படிக்குப் போய்விடுவாள்.

சித்திரை கடைசி வாரம், திங்கட்கிழமை, நான் தோல்வியை ஒத்துக்கொண்டேன். "வேலைக்கு ஆவலண்ணே. பொட்டியக் குடுத்துடுங்க." அவர் தலையாட்டினார். "நீ இன்னா பண்ணுவ, பாவம்" என்று எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை காலை பத்தரைக்கு, கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போதே அப்பா போய்விட்டார்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்த வீடியோவை வெட்டி ஒட்டும்போது நாற்பது தடவை கேட்டவள் நான். ஒரு வார்த்தைகூட ஞாபகத்துக்கு வரவில்லை. கஞ்சிக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

அம்மா மாதா படத்துக்குப் பின்னாலிருந்து தன் போனை எடுத்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு எதையோ தேடி அழுத்தினாள். எங்கள் வீட்டுக்குள் நீலமேகம் அண்ணன் பேசினார். "பயப்படாத. மொதல்ல டாக்டரக் கூப்ட்டு சீட்டு வாங்கு."

அவர் சொல்லச் சொல்ல அம்மா செய்தாள். ஃபேனை ஃபுல்லாக வைத்தாள். அப்பாவின் கைகளை நீட்டிவிட்டாள். பூசைக்குப் போடும் தன் வெள்ளை முக்காட்டை மடித்து, தாடையோடு சேர்த்து மெதுவாகக் கட்டினாள். அப்புறம் அண்ணனுக்குப் போன் போட்டதும் அவள்தான்.

"நீ இத்த எடுத்து வெச்சிருந்தியா?" என்று கேட்டேன். "ஒரு லைக் கூடப் போடலியேம்மா?"

"உங்க டாடி மூச்சு வுட்டுகினு இருக்கும்போது, அதுக்குப் போயி நான் எப்டிடி லைக் போடுவேன்?" என்று சொல்லி, அப்போதுதான் அம்மா அழுதாள்.

அண்ணன் அரைமணியில் வந்தார். பெட்டியை வைத்தார், ஜெனரேட்டரைச் சரிபார்த்தார், எதிர்வீட்டு நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். துபாயில் வேலை செய்யும் என் தம்பி சாவியோ வந்து சேரும்போது வெள்ளிக்கிழமை மத்தியானம். அதுவரை அவர் அங்கிருந்து நகரவில்லை. சாவியோ கண்ணாடியில் கை வைத்து, "டாடி தூங்குற மாதிரியே கீறாருக்கா" என்றான். அந்த முகத்தை அவன் பார்த்துவிட்டான். எனக்கு அது போதும்.

சவப்பெட்டி வருவதற்குக் காத்திருந்த நேரத்தில், அண்ணன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, என் போனில் அவருடைய இன்ஸ்டாகிராம் பக்கத்தைத் திறந்தேன். லைக் எண்ணிக்கைக்குக் கீழே இன்னும் எத்தனையோ கணக்கு இருக்கும். இத்தனை வருஷத்தில் அதையெல்லாம் நான் தள்ளிப் பார்த்ததே இல்லை. பிரியாணியைப் பார்த்தவன் அன்றைக்கே சாப்பிட்டுவிடுவான், அதற்கு லைக் போதும். கீழே தள்ளினேன். வீடியோவைச் சேமித்து வைத்திருப்பவர்கள்: 1,612.

"இது இன்னா தங்கச்சி?"

"எடுத்து வெச்சவங்கண்ணே. லைக் போட மனசு வராது. ஆனா ஒரு நாளைக்கி வேணும்னு பத்திரமா வெச்சிருக்காங்க. எங்கம்மா மாதிரி."

சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகம் வாடிப்போனது.

"அத்தினி வூட்லயும் யாராச்சும் முடியாம படுத்துகினு கீறாங்களா?"

அவர் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லா இருக்கட்டும் எல்லாரும். யாரும் என்னக் கூப்புட வாணாம்" என்று முணுமுணுத்தார். அப்புறம் சட்டைப்பையிலிருந்து தன் போனை எடுத்துத் தண்டபாணியைக் கூப்பிட்டார்.

"மச்சான், நாளைக்கி வண்டி வாணாம். பொட்டியக் குடுக்கல... அதெல்லாம் வியாபாரம் ஆவுமான்னு தெரியாதுடா. ஜனங்க நம்பர எடுத்து வெச்சிருக்காங்க. கூப்ட்டா எடுக்கறதுக்கு ஆளு வேணும்."

போனை வைத்தவர் அதன் திரையைப் பார்த்தார். எந்தச் சாவு வீட்டிலும் தண்ணீர்கூடக் கேட்காத மனிதர், அன்றைக்கு என்னிடம் ஒன்று கேட்டார்.

"தங்கச்சி, போன்ல சார்ஜே இல்ல. உள்ள கொஞ்சம் போட்டுத் தர்றியா?"