மலைக்கும் ரோட்டுக்கும் ஒரே சைக்கிள்

முன் ஸ்பிரிங் மட்டும்

கடைக்கு வந்தவர் சைக்கிளின் முன்பக்கத்தை இரண்டு கையாலும் அமுக்கினார். இறங்கி எழுந்தது. முகம் மலர்ந்து, பின்னால் வந்து சீட்டை அமுக்கினார். அசையவில்லை. கியர் சைக்கிள் விற்கும் என் போன்ற பாவிகளுக்குத் தெரியும், நம் தொழிலில் பாதி நாள் இந்தப் பின்பக்கத்துக்குப் பதில் சொல்வதிலேயே போய்விடும்.

அவர் பெயர் செல்வம். தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டையில் மெஷின் ஆபரேட்டர். கூட வேலை செய்யும் பையன்கள் ஞாயிறுதோறும் மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டுகிறார்கள். "நீ வேணாண்ணா, மூச்சு வாங்கும்" என்று இவரை விட்டுவிட்டார்களாம். வரும் ஞாயிறு போயே தீர வேண்டும். ஆனால் வீட்டுக்கு ஒரே சைக்கிள்தான். வேலைக்கும் அதிலேயே தார் ரோட்டில் போக வேண்டும்.

பின்னாலும் ஸ்பிரிங் வைத்தால் விலை எகிறும், ரோட்டில் மிதிக்கிற பலம் அதிலேயே வீணாகும் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"கம்பெனிக்காரன் மாட்ட மறந்துட்டான்னு சொல்லேன் நைனா, நான் இன்னா கோச்சுக்கவா போறேன்?"

நடு டயர்

மறுநாளும் வந்தார். பட்டன் பட்டனாகப் புடைத்திருந்த பெரிய டயரைத் தடவிக்கொண்டே நின்றார். மலைக்கு அது சரி, தார் ரோட்டில் உறுமிக்கொண்டே இழுக்கும் என்றேன். நடுவில் வழவழப்பாகவும் ஓரத்தில் பட்டனாகவும் இருந்த டயரைக் காட்டினேன். இரண்டுக்கும் ஒத்துவரும் என்று எல்லோரிடமும் சொல்வதையே சொன்னேன்.

"அப்போ மலையிலயும் சுமாரு, ரோட்டுலயும் சுமாருன்னு சொல்லு."

எலும்பு

சனிக்கிழமை மனைவி தேவகியோடு வந்தார். அந்த அம்மாள் சைக்கிளை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"ஸ்டாண்டு இல்ல, கேரியர் இல்ல, மட்கார்டும் இல்ல. ஏம்பா, இது சைக்கிளா, சைக்கிளோட எலும்பா?"

எல்லாம் தனியாக மாட்டித் தருகிறோம் என்றேன். செல்வம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓட்டிப் பாக்காமயா எடுப்பாங்க?" என்றவள், அவர் வாய் திறப்பதற்குள் துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு ஏறிவிட்டாள். கால் சரியாக எட்டவில்லை. எக்கி எக்கி மிதித்துத் தெருமுனையில் மறைந்தாள். வாசலில் நின்ற செல்வத்துக்கு இப்போதே மூச்சு வாங்கியது.

திரும்பி வந்து, கடைப்படியை ஒட்டி நிறுத்தினாள்.

"பிரேக்கு நல்லாத்தான் புடிக்குது. மலையில வுழுந்துட்டு என்கிட்ட வந்து அழக்கூடாது, சொல்ட்டேன். பில்லு போடுப்பா."

நடுத்தர விலைச் சைக்கிள் விற்பவன் யாரையும் முழுதாகத் திருப்திப்படுத்துவதில்லை, ஆனாலும் எப்படியோ வாங்கிப் போகிறார்கள்.

நான் பில் எழுதிக்கொண்டிருந்தேன். செல்வம் பையன்களுக்குப் போன் போட்டு உரக்கப் பேசிக்கொண்டிருந்தார். தேவகி சீட்டுக்கு அடியிலிருந்த பிடியைத் தளர்த்தி, சீட்டை ஒரு சாண் இறக்கி, இறுக்கினாள்.